வெறும் வடத்தின் பாரம்

பெரியதாழை
5.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வீரபாகு எழுதுவது. நானும் வீட்டில் பொன்செல்வியும் சுகமாக இருக்கிறோம். காதுக்குப் புதிதாக மாட்டிய மெஷினில் ஏதாவது கேட்கிறதா? அத்தானுக்குச் சர்க்கரை இறங்கியதா?

தாளில் எழுதுகிறேனே என்று நினைப்பாய். என் போன் ஜூன் 22ஆம் தேதி கடலில் போய்விட்டது. இன்னொன்று வாங்கத் தோன்றவில்லை. இனி உன் கடையிலிருந்து எஞ்சினுக்கு டீசல் பீய்ச்சும் நாசில் பார்சல் வரும் பஸ்ஸிலேயே கடிதமும் போய் வரட்டும்.

பேப்பரில் பார்த்திருப்பாய். செல்வின் என்று ஒருவர், முப்பத்தைந்து வயது, தன் வள்ளத்தைத் தனியாகக் கொண்டுவந்தார். அதே நாள்தான், கச்சான் காற்று பலமாக அடித்தது. அலை உடையும் இடத்தில் அவருடைய மோட்டார் நின்றுவிட்டது. நான் வழக்கம்போல வள்ளத்தைக் கரைக்கு இழுக்க லாரியின் வின்ச்சிலிருந்து வடத்தை அனுப்பினேன். அவர் கொக்கியை மாட்டிவிட்டார். இழுத்துக்கொண்டிருக்கும்போதே லாரி எஞ்சின் நின்றுபோனது. வள்ளம் கவிழ்ந்தது. ஆளும் கிடைக்கவில்லை, வள்ளமும் கிடைக்கவில்லை.

லாரியின் பின் தொட்டியைக் கழற்றி வின்ச் வைத்து நான்கு வருடம் ஆகிறது. அந்த லாரி இதுவரை என்னைக் கைவிட்டதில்லை. இழுவை போதவில்லை, அவ்வளவுதான். இப்போது இருக்கிற நாலு துளை நாசிலை எடுத்துவிட்டுப் பெரிய துளையாகப் பார்த்து ஆறு அனுப்பு. அலை பிடித்து இழுத்தாலும் நிற்காத மாதிரி வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
வீரபாகு


தூத்துக்குடி
11.7.2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா அனுசியா எழுதியது. இங்கு எல்லோரும் இருக்கிறோம். மெஷினில் கேட்பதெல்லாம் ஒரு இரைச்சல்தான், பேச்சு பிரிந்து விழுவதில்லை. இருபத்திரண்டு வருடம் கடையில் டீசல் பம்ப் டெஸ்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்ற காதுக்கு இதற்கு மேல் கேட்காது. அத்தான் துறைமுகத்துக்குப் போய் வருகிறார்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த ஆறு நாசிலையும் மார்ச்சில் நான்தான் டெஸ்ட் பண்ணி அனுப்பினேன். ஒவ்வொன்றிலும் பிரஷர் வைத்தது என் கைதான். எஞ்சின் நின்றது என்று நீ ஒரே வரியில் எழுதிவிட்டாய். எப்படி நின்றது? இழுத்து இழுத்து மூச்சடங்கி நின்றதா, வெட்டிவிட்டதுபோல நின்றதா? அதற்கு முன்னால் வெள்ளைப் புகை வந்ததா? எழுது.

நாசில் விஷயம். துளையைப் பெரிதாக்கினால் இழுவை வந்துவிடும் என்று எல்லா டிரைவரும் நினைக்கிறார்கள். பெரிய துளையில் டீசல் துளித்துளியாக விழும், பூவாகப் பறக்காது. எரியாத டீசல் கறுப்புப் புகையாகத்தான் போகும். நீ டர்போ ஏற்றியிருப்பதால் காற்று கொஞ்சம் கூடவே இருக்கிறது. அந்தக் காற்றுக்கு எவ்வளவு டீசல் எரியுமோ அவ்வளவுதான் கொடுக்க வேண்டும். ஆகவே துளையின் அளவைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறேன். ஐந்து துளை, ஒவ்வொன்றும் புள்ளி இருபத்தெட்டு மில்லிமீட்டர். பழையதைவிடப் பத்தில் ஒரு பங்கு டீசல் கூட இறங்கும். வள்ளம் இழுக்க அது தாராளம். செம்பு வாஷரைப் புதிதாகப் போடு, பழையதைத் திருப்பிப் போடாதே.

கழற்றிய ஆறையும் எனக்கு அனுப்பு. மறந்துவிடாதே.

செல்வினுக்குப் பிள்ளைகள் உண்டா?

அக்கா
அனுசியா


பெரியதாழை
24.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

நாசில் வந்து சேர்ந்தது. மாட்டிவிட்டேன். நீ சொன்னது சரி, புகை குறைந்திருக்கிறது. முன்பெல்லாம் லாரியை மூச்சு வாங்க வைத்த வள்ளத்தை இப்போது பாதி ஆக்சிலேட்டரில் ஏற்றிவிடுகிறது. வடத்தைக் கொண்டுபோய் மாட்டிவிடும் ரோச் அண்ணாச்சியே ஆச்சரியப்பட்டார்.

ஆனால் ஒன்று இருக்கிறது. வடம் அறுபது மீட்டருக்கு மேல் போனால் இழுவை செத்துவிடுகிறது. அறுபதுக்கு உள்ளே எந்தப் பெரிய வள்ளமும் வருகிறது. அதற்கு வெளியே சின்ன வள்ளம்கூட ரெண்டு வள்ளத்தின் பாரமாக இருக்கிறது. எஞ்சின் இரைச்சல் இறங்குகிறது, கறுப்புப் புகை கொட்டுகிறது, பின்சக்கரம் மணலில் புதைகிறது. பிறகு பாரம் சட்டென்று விட்டுவிடுகிறது. நேற்று நான்கு முறை இப்படி ஆனது. இன்னும் கொஞ்சம் பெரிதாக நாசில் இருந்தால் தாண்டிவிடலாம்.

பழைய நாசில் எங்கே வைத்தேன் என்று தேடுகிறேன்.

செல்வினுக்கு ஒரு பெண் பிள்ளை. ஐந்து வயது. மனைவி பெயர் மரியசெல்வி.

வீரபாகு


தூத்துக்குடி
2.8.2024

அன்புத் தம்பிக்கு,

நீயும் பொன்செல்வியும் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். உன் எழுத்து சாய்ந்து சாய்ந்து போகிறது. காய்ச்சலோடு எழுதியதா?

நீ சொல்வது நாசில் கோளாறு இல்லை. நாசில் ஒன்று அடைத்திருந்தால் எஞ்சின் குலுங்கும், வெள்ளையாகப் புகை வரும். கறுப்புப் புகையோடு இரைச்சல் இறங்குகிறது என்றால் எஞ்சின் மேல் நிஜமாகவே பாரம் ஏறுகிறது. எஞ்சினுக்குக் கற்பனை கிடையாது. பாரம் இல்லாமல் அது முக்காது.

வின்ச் டிரம் பேரிங் இறுகியிருக்கலாம். வடம் அடியில் ஏதாவது பாறையில் உரசலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். வள்ளம் எதுவும் இல்லாமல், வெறும் வடத்தை எண்பது மீட்டர் போட்டு இழுத்துப் பார். எஞ்சினில் நாசிலுக்குப் போகும் குழாயை இரண்டு விரலால் பிடித்துக்கொள். நான் காது இல்லாமல் அப்படித்தான் வேலை பார்க்கிறேன். துடிப்பு ஒரே மாதிரி இருந்தால் நாசிலில் குறையில்லை.

பழைய நாசிலைத் தேடி அனுப்பு. அது எனக்குக் கட்டாயம் வேண்டும்.

அக்கா


பெரியதாழை
19.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் ஒன்றும் இல்லை. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இங்கே ஞாயிறன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, பத்து மணி வெயிலில், ரோச் அண்ணாச்சி கொக்கியைப் பிடித்துக்கொண்டு நீந்திப்போய் அலை உடையும் இடத்துக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு வந்தார். கடல் குளம்போலக் கிடந்தது. காற்று இல்லை. வடத்தில் ஆங்காங்கே தூரத்தைக் காட்டச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். எண்பது மீட்டர் துணி தண்ணீருக்குள் போனதை இரண்டு பேரும் பார்த்தோம்.

வின்ச்சைப் போட்டேன். முதலில் லேசாக வந்தது. பத்துச் சுற்று ஏறியிருக்கும், வடம் தண்ணீரிலிருந்து எழும்பி நேர்கோடாக நின்றது. எஞ்சின் முக்க ஆரம்பித்தது. கறுப்புப் புகை. ரோச் அண்ணாச்சி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "ஏலே, பாறை கீறை ஒண்ணும் கெடையாது அங்கன. நாப்பது வருசமா முங்குத கடலு" என்றார்.

நீ சொன்னபடி குழாயைப் பிடித்தேன். துடிப்பு சீராக இருந்தது. ஆறு குழாயிலும் ஒரே மாதிரி. ஆனால் அந்தத் துடிப்புக்கு நடுவே, வடம் வழியாக, ஒரு இழுப்பு வந்து வந்து போனது. வள்ளத்தில் நிற்கும் ஆள் ஒரு கையால் வடத்தைப் பிடித்துச் சரிபார்ப்பாரே, அதுபோல.

அறுபது மீட்டர் துணி வெளியே வந்ததும் பாரம் போய்விட்டது. கொக்கி கரைக்கு வந்தது. அதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. ஆனால் கொக்கிக்கு மேலே தொங்கும் நைலான் கயிற்று முனை முடிச்சுப் போட்டிருந்தது. போகும்போது அது அவிழ்ந்துதான் கிடந்தது. ரோச் அண்ணாச்சி குனிந்து பார்த்தார். தொடவில்லை. "இது எடக்கைக்காரன் போடுத முடிச்சு" என்றார். "இந்த ஊர்ல எடக்கைக்காரன் ஒருத்தந்தான்."

செல்வினைத்தான் சொன்னார். சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பழைய நாசில் ஆறும் கிடைத்தது. இதோடு அனுப்புகிறேன். இதைவிடப் பெரியது எது உண்டோ அதை அனுப்பு அக்கா. ஒரு முறை முழுதாக இழுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

வீரபாகு


தூத்துக்குடி
30.9.2024

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. வேலை இருந்தது என்று சொன்னால் அது பொய்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் இருந்தேன். ஜூலைக் கடைசியிலேயே செல்வின் மனைவி மரியசெல்வி என் கடைக்கு வந்தாள். செல்வின் இறந்ததற்குச் சான்றிதழ் கேட்டுத் தூத்துக்குடியில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறாள். உடலும் இல்லை, அவன் முங்கியதைக் கண்ணால் பார்த்த சாட்சியும் இல்லை, ஏழு வருடம் காணாமல் போனவனாகத்தான் இருப்பான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்படியே என் கடையை விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். சண்டை போட வரவில்லை. எனக்குக் காது கேட்காது என்று கடைப் பையன்கள் சொன்னதும், பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். "நீங்க போட்ட சாமான்தான் நின்னுபோச்சாமே. அது ஏன் நின்னுதுன்னு மட்டும் சொல்லுங்க" என்று.

என் கை வேலையில் பிசகு இருந்திருக்கலாம், மன்னித்துக்கொள் என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். அந்தத் தாள் இப்போதும் அவளிடம் இருக்கும்.

உன் பார்சல் அதற்குப் பிறகு வந்தது. ஆறு நாசிலையும் கழுவி டெஸ்டரில் மாட்டினேன். ஒவ்வொன்றையும் மூன்று முறை அடித்தேன். பிரஷர் இருநூற்றிருபதில் வைத்தது இருநூற்றிருபதிலேயே திறக்கிறது. வெள்ளைத் தாளில் நாலு புள்ளி சுத்தமாக விழுகிறது. ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. நம்பிக்கை வராமல், சிப்காட்டில் இன்னொருவர் கடைக்குக் கொண்டுபோய், அவர் டெஸ்டரிலும் பார்த்தேன். அவரும் அதையேதான் சொன்னார். இந்த ஆறு நாசில் மாட்டிய எஞ்சின் தானாக நிற்காது.

பெரிய நாசில் அனுப்பமாட்டேன். வேறு எதுவும் நான் கேட்கவும் இல்லை.

பொன்செல்விக்கு என் அன்பு.

அக்கா


பெரியதாழை
9.10.2024

அக்காவுக்கு,

நலம்.

நீ அனுப்பாவிட்டால் பரவாயில்லை. நாகர்கோவிலில் ஒருவரிடம் வாங்கிவிட்டேன். ஐந்து துளை, புள்ளி முப்பத்து நாலு. பம்ப்பிலும் டீசலைக் கூட்டி வைத்துவிட்டேன். புகை கரையெல்லாம் இருட்டுகிறது, ஊர்க்காரர்கள் திட்டுகிறார்கள். ஆனால் இழுக்கிறது.

இப்போது அறுபதுக்கு இந்தப் பக்கமும் பாரம் இருக்கிறது. நேற்று நாற்பதில் இருந்தது. நாம் கூட்டக்கூட்ட அதுவும் கூடுகிறது. எதற்கும் சளைக்காமல் அதே அளவுக்கு நிற்கிறது. ரோச் அண்ணாச்சி வேலைக்கு வருவதில்லை. நானே வடத்தைக் கொண்டுபோய்ப் போடுகிறேன்.

வீரபாகு


தூத்துக்குடி
14.10.2024

தம்பிக்கு,

அந்த நாசிலை உடனே கழற்று. நீ வைத்திருப்பது அந்த எஞ்சின் தாங்குவதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். பிஸ்டன் தலை உருகும். உருகிய பிறகு அது யார் சொன்னாலும் நிற்காது, நின்றால் பிறகு ஓடாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு வின்ச் லீவரில் யார் கை இருந்தது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பெரியதாழை
27.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மழை விட்டு இன்றைக்குத்தான் வெயில். நீ நலமா? நான் நலமில்லை.

என் கைதான் இருந்தது. வேறு யாரும் அங்கே இல்லை. மூன்று மணி. ரோச் அண்ணாச்சி கரையின் அந்தப் பக்கம் இன்னொரு வள்ளத்தோடு இருந்தார். நானே கொண்டுபோய் எறிந்த கொக்கியைச் செல்வின் மாட்டிவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார். இழுத்தேன். வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறி அது பாறைபோலக் கனத்துவிட்டது. ஒரு பெரிய அலை திரும்பும்போது லாரியையே பின்னால் இழுத்தது. சக்கரத்துக்கு வைத்த கட்டை மணலில் புதைந்துபோனது. லாரி வழுக்கியது. ஒரு முழம், இரண்டு முழம். பின்சக்கரத்தில் தண்ணீர் ஏறியது. எஞ்சின் முக்கிக்கொண்டே இருந்தது அக்கா, நிற்கவில்லை. உன் நாசில் கடைசி வரைக்கும் அடித்தது.

அவர் வள்ளத்தின் முனையில் நின்று என்னைப் பார்த்தார். அவ்வளவு பக்கம். முகம் தெளிவாகத் தெரிந்தது. "விட்டுராதிய அண்ணாச்சி" என்றார். கத்தவில்லை. கடைக்காரரிடம் சாமானை எடுத்து வைக்கச் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் லீவரைத் தள்ளி வடத்தை விட்டுவிட்டேன்.

டிரம் சுற்றிக்கொண்டு ஓடியது. நூற்றிருபது மீட்டரும் போய், முனையைப் பிய்த்துக்கொண்டு கடலுக்குள் போனது. வள்ளம் அவர் மேலேயே கவிழ்ந்தது. அவர் தலை ஒரு முறை மேலே வந்ததைப் பார்த்தேன். பிறகு வரவில்லை. நான் தண்ணீருக்குள் ஓடினேன். கழுத்தளவு போனேன். சத்தம் கேட்டு ஊரே ஓடிவருவதைப் பார்த்தேன். அப்போதும் என் லாரி எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் திரும்பி ஓடிவந்து, அவர்கள் வருவதற்குள் எஞ்சினை நிறுத்தினேன். என் கையால்தான் நிறுத்தினேன்.

எஞ்சின் நின்றுபோச்சு, புகையில் ஒன்றும் தெரியவில்லை என்று போலீஸிடம் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். பொன்செல்விக்கும் தெரியாது. உன் தலையில் போய் விழும் என்று அப்போது நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

பெரிய நாசிலைக் கழற்றிவிட்டேன். லாரி எஞ்சின் திறந்து கிடக்கிறது. ஆனாலும் நேற்று மத்தியானம் டிரம் கால் சுற்று தானாகச் சுற்றி நின்றது. வடம் தண்ணீரில் கிடக்கவில்லை அக்கா. அதைச் சுருட்டி வைத்து ஒரு மாதம் ஆகிறது.

வீரபாகு


தூத்துக்குடி
1.12.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானிடம்கூடக் காட்டவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப எடுத்துப் படித்தேன்.

உன் இடத்தில் நான் இருந்தாலும் லீவரைத் தள்ளியிருப்பேன். லாரி கடலுக்குள் போனால் நீயும் செத்திருப்பாய். அதை யாரும் உன்னிடம் கேட்க முடியாது. எஞ்சினை நிறுத்தியது வேறு. அதற்கு நான் என்ன சொல்வது? ஐந்து மாதமாக நான் என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் வீரபாகு. ஒவ்வொரு நாசிலாக எடுத்து டெஸ்டரில் மாட்டும்போதும் ஒரு ஆளைக் கொன்ற கை என்று நினைத்துக்கொண்டு மாட்டினேன்.

அந்தப் பாரத்துக்கு நாசில் கிடையாது. எந்தக் கம்பெனியிலும் போடவில்லை.

பழைய ஆறு நாசிலையும் இதோடு அனுப்புகிறேன். அதையே மாட்டி எஞ்சினை மூடு. பிறகு மரியசெல்வியிடம் போ. செல்வின் முங்கியதைப் பார்த்த ஒரே ஆள் நீ. அவளுக்குச் சாட்சி இல்லாமல் இருப்பது உன்னால். ரோச் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு பகலில் போ.

போய்விட்டு வந்து எழுது. உனக்காகச் சாமி கும்பிடுகிறேன்.

அக்கா


பெரியதாழை
30.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். பொன்செல்வி ஏரலில் அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பி வருவாளா என்று கேட்கவில்லை. நேற்று அவள் அண்ணனிடம் என் குளிர்ச் சட்டையைக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

மரியசெல்வி வீட்டுக்கு 10ஆம் தேதி போனேன். ரோச் அண்ணாச்சி வாசலில் நின்றுகொண்டார். அவள் சாளை மீன் அரிந்துகொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிவாள்மனையிலிருந்து கையை எடுக்கவில்லை. முடிந்ததும், "கடைசியா என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். சொன்னேன். "கத்துனாரா?" என்றாள். இல்லை என்றேன். "ஆமா. கத்தமாட்டாரு" என்று சொல்லிவிட்டு மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டப் போனாள். அதற்குப் பிறகு உள்ளேயிருந்து வரவில்லை.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கரைக்கு வந்தாள். என்னிடம், "போடுங்க" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. ரோச் அண்ணாச்சி கொக்கியைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். இதை எழுதும் கையால் பொய் எழுதவில்லை அக்கா, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வின்ச்சைப் போட்டவுடனே பாரம் வந்தது. பழைய நாசில், எஞ்சின் அன்றைக்கு எப்படி முக்கியதோ அப்படியே முக்கியது. கடலில் அலையே இல்லை. லாரி பின்னால் வழுக்க ஆரம்பித்தது. கட்டை புதைந்தது. ரோச் அண்ணாச்சி, "ஏலே, விட்டுரு, லாரி போயிரும்" என்று கத்தினார். நான் விடவில்லை. பின்சக்கரத்தில் தண்ணீர் ஏறியது. ஏறட்டும் என்று லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மரியசெல்வி தண்ணீருக்குள் இறங்கிப் போய், விறைத்து நின்ற வடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அறுந்தால் ஆளை இரண்டாக்கும் வடம். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு திரும்பி வந்தாள். முகத்தில் கண்ணீர் இல்லை.

"அண்ணாச்சி, அவரு இழுக்கல. நீங்கதான் இழுக்கிய. நீங்க விடாம இழுக்கியன்னு அவரும் பிடிச்சிட்டே நிக்காரு."

நான் லீவரை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"விடுங்க" என்றாள்.

என் கை வரவில்லை. நிஜமாகவே வரவில்லை, விரல் லீவரோடு இறுகிவிட்டது. அவள் லாரிப் படியில் ஏறி, என் கையின் மேல் தன் கையை வைத்துத் தள்ளினாள். மீன் வாடை அடித்தது. கை சூடாக இருந்தது.

டிரம் சுற்ற ஆரம்பித்தது. வேகமாக ஓடவில்லை. ஒரு ஆள் கடலுக்குள் நடந்துபோகிற வேகத்தில் சுற்றியது. புதிதாக வாங்கிய வடமும் நூற்றிருபது மீட்டர்தான், ரோச் அண்ணாச்சியும் நானுமாக அளந்து சுற்றியது. ஒவ்வொரு சிவப்புத் துணியாகத் தண்ணீருக்குள் போனது. கடைசித் துணியும் போனது. டிரம் மட்டும் நிற்கவில்லை. வடம் வந்துகொண்டே இருந்தது. ரோச் அண்ணாச்சி மீட்டர் கணக்கு எண்ணிக்கொண்டிருந்தவர் முந்நூறுக்கு மேல் எண்ணாமல் மணலில் உட்கார்ந்துவிட்டார். ஆலயத்தில் பத்து மணி அடித்தது, அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. மரியசெல்வி கையை எடுக்கவில்லை. பிறகு முனை வந்தது. டிரம்மிலிருந்து சத்தமில்லாமல் கழன்று, மணலில் இழுபட்டுப் போய்த் தண்ணீருக்குள் இறங்கியது. எஞ்சின் லேசாகி, புகை இல்லாமல் ஓடியது. அதை நிறுத்த எனக்குப் பயமாக இருந்தது. அவள்தான் "நிறுத்துங்க" என்றாள்.

16ஆம் தேதி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். எழுதிக் கொடுத்தேன். இத்தனை நாள் கழித்து ஏன் வந்தாய் என்று கேட்டார்கள். பொய் சொன்னதற்குக் கேஸ் வரும், கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும் என்றார்கள். வரட்டும். ஏட்டையா வாக்குமூலத்தைச் சுருக்கமாக எழுதிக்கொண்டிருந்தார். மரியசெல்வி எட்டிப் பார்த்து, "அவரு சொன்ன வார்த்தையையும் எழுதுங்கய்யா" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் இன்னொரு முறை சொன்னேன். எழுதினார். இந்தச் சாட்சி போதும், சான்றிதழுக்கு மேலே அனுப்புகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நீ எழுதிக்கொடுத்த தாளை அவள் என்னிடம் தந்தாள். உன்னிடம் கொடுத்துவிடச் சொன்னாள். இதோடு வைத்திருக்கிறேன்.

வெளியே வந்ததும், லாரியை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போய்விடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் பஸ் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, "எங்கயும் போவக்கூடாது. முப்பது வள்ளம் இருக்கு இங்கன. அத யாரு இழுப்பா? நீங்கதான் இழுக்கணும்" என்றாள்.

மூன்றாவது வடம் வாங்கிப் போட்டிருக்கிறேன். வேலை நடக்கிறது. எவ்வளவு தூரத்திலும் பாரம் சரியாக இருக்கிறது, ஒரு வள்ளத்துக்கு ஒரு வள்ளத்தின் பாரம். தினமும் மூன்று மணிக்கு, வள்ளங்கள் திரும்பும் நேரத்தில், மரியசெல்வி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து லாரியின் பக்கத்தில் நிற்கிறாள். கடைசி வள்ளம் கரை ஏறும் வரைக்கும் நிற்கிறாள். என்னிடம் பேசுவதில்லை. கடலையும் பார்ப்பதில்லை, என் முகத்தையும் பார்ப்பதில்லை. லீவரில் இருக்கும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உன் தம்பி
வீரபாகு